ஊர் ஊராகச் செல்லும் நரிக்குறவர் குடும்பங்களுக்குக் காசநோய், எச்.ஐ.வி. மருந்து விடுபடாமல் கிடைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நரிக்குறவர் குடியிருப்புப் பிரதிநிதிகள், காசநோய்க் களப்பணியாளர்கள்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: காசநோய் – எச்.ஐ.வி. கூட்டுத்தொற்று விழிப்புணர்வும் பயணக் காலச் சிகிச்சையும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

2023 முதல் பழங்குடியினர் பட்டியலில் உள்ள நரிக்குறவர்கள், குடியிருப்பில் வீடு இருந்தாலும், வேளாங்கண்ணித் திருவிழா, கார்த்திகை தீபம், சபரிமலை சீசன் என்று பாசிமணி விற்கக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். இந்நோய்கள் இவர்களிடம் அதிகம் என்று நாங்கள் சொல்லவில்லை. வந்தால் சிகிச்சை பாதியில் அறுந்துபோகிறது என்பதே எங்கள் முறையீடு.

காசநோய்க்கு ஆறு மாதம் தினமும் மாத்திரை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு மூன்று. இம்மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்ந்தே வரும். 45 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு மூன்று மாத்திரை என்பதால் 28 மாத்திரை அட்டை ஒன்பது நாளைக்குத்தான் வரும். ஒரே அட்டையோடு மூன்று வார வியாபாரத்துக்குப் போனால் பத்தாம் நாளே சிகிச்சை நின்றுவிடும்.

எச்.ஐ.வி.யும் இருந்தால் சிக்கல் கூடும். காசநோய் மருந்தை முதலில் தொடங்கி, பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. என்னும் எச்.ஐ.வி. கூட்டுமருந்தைக் கொடுக்கிறார்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், ஏ.ஆர்.டி.யில் உள்ள டோலுடெகிராவிர் மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் வழக்கமான ஏ.ஆர்.டி. மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து 50 மி.கி. டோலுடெகிராவிர் தனியாகப் போட வேண்டும்; ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். வெளியூரில் மாத்திரை தீர்ந்தவருக்கு இந்த இரண்டாவது மாத்திரையைக் கேட்டு வாங்கத் தெரிவதில்லை.

விழிப்புணர்வு என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதை ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. ஏ.ஆர்.டி. தொடங்கிய சில வாரங்களில் எதிர்ப்புசக்தி மீளும்போது காய்ச்சலும் நெறிக்கட்டும் கூடலாம். மருந்தை விடாமல் மருத்துவரிடம் வர வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர் இரண்டு வார இருமலுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு நாள் இருமலோ, காய்ச்சலோ, எடைக்குறைவோ, இரவு வியர்வையோ இருந்தாலே சளி கொடுக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்கள் சளியில் காசநோய்க் கிருமி குறைவாக இருக்கும். நுண்ணோக்கி காட்டாமல் விடலாம் என்பதால் நேரடியாக, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை செய்ய உத்தரவிட வேண்டும்.

துண்டறிக்கை அச்சடிப்பது வீண். வீட்டில் பேசும் வாக்ரிபோலிக்கு எழுத்து கிடையாது. குடியிருப்பைச் சேர்ந்த ஓர் ஆண், ஒரு பெண் குரலில் சிறு ஒலிப்பதிவுகள் செய்து வாட்ஸ்அப்பில் கொடுத்தால் கேட்பார்கள்.

'எய்ட்ஸ் முகாம்' என்று பேனர் கட்டவே வேண்டாம். அன்றைக்கே குடியிருப்புக்குக் கெட்ட பெயர் வந்துவிடும். பொது மருத்துவ முகாமாக நடத்தி, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகருக்குத் தனி அறை ஒதுக்க வேண்டும். எல்லோரும் உறவினர்கள் என்பதால் முடிவு அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது. சம்மதமும் ரகசியமும் 2017 எச்.ஐ.வி. சட்டப்படி கட்டாயம்.

கிளம்புமுன் பயண நாளுக்கும் மேலே ஒரு வாரத்துக்கும் சேர்த்து இரண்டு மருந்துகளையும் கொடுக்க வேண்டும். நோயின் பெயர் இல்லாமல், நிக்‌ஷய் எண்ணும் (காசநோய்ச் சிகிச்சைப் பதிவு எண்) காலை, இரவு மாத்திரைப் படமும் உள்ள அட்டை ஒன்று போதும். நாகப்பட்டினம், பத்தனம்திட்டா காசநோய் அலுவலகங்களுக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும். வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்கு காசநோயாளிகளுக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை வருவதில்லை. முகாமிலேயே கணக்கு தொடங்கித் தர வேண்டும்.

முதல் முகாமை ஆடி மாதத்திலேயே, மாலை 6 மணிக்கு மேல் நடத்த ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். பகலில் வியாபாரத்துக்குப் போய்விடுவார்கள். ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்