குத்துச்சண்டை பாதுகாப்பானது என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "கூண்டுக்குள் ரத்தம் தெறிக்கிறது, கனமான கிளவுஸ் போட்டு ஆடும் குத்துச்சண்டையோ பாதுகாப்பானது." அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒரு அம்மா, எம்.எம்.ஏ. வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பையனை நிறுத்தி பாக்ஸிங்கில் சேர்த்துவிட்டார். "பேப்பர்லயே போட்டிருக்காங்கண்ணா" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பேப்பரில் வந்தால் விசாரித்துத்தான் போட்டிருப்பார்கள் என்று நம்புகிறவர்கள் ராயபுரத்தில் இன்னும் இருக்கிறார்கள். உங்களை நம்பியவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

கிளவுஸ் காப்பாற்றுவது குத்துகிறவனின் கையை. குத்து வாங்குகிறவனின் மூளையை அல்ல. வெறுங்கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் முதலில் உடைவது குத்தியவனின் விரல் எலும்புதான். பேண்டேஜ் சுற்றி, பத்து அவுன்ஸ் கிளவுஸ் மாட்டிவிட்டால் கடைசி ரவுண்டு வரை தலையிலேயே குத்தலாம். தோல் கிழியாது, பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே மூளை குலுங்கிக்கொண்டே இருக்கும். ஹெட் கார்டு என்ற தலைக்கவசம் போட்டாலும் புருவம் கிழியாமல் இருக்குமே தவிர, தலை வெடுக்கென்று திரும்புவது நிற்காது. அது இல்லாவிட்டால் மூளை அதிர்ச்சி குறையும் என்று சொல்லித்தான் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்களை ஹெட் கார்டு இல்லாமல் ஆடவிட்டார்கள் என்பது உங்கள் விளையாட்டுப் பகுதிக்குத் தெரியாததல்ல.

எம்.எம்.ஏ.வில் நாலு அவுன்ஸ் கிளவுஸ், விரல்கள் வெளியே. முழங்கை பட்டால் நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தமாகிவிடும். கட்டுரை எழுதியவர் மிரண்டது அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே சண்டை முழுக்கத் தலையில் நடப்பதில்லை. காலை வாரிக் கீழே தள்ளுகிறார்கள், மேலே ஏறி அழுத்துகிறார்கள், கையை முறுக்குகிறார்கள், கழுத்தைப் பிடிக்கிறார்கள். பிடி இறுகினால் 'விட்டுக்கொடுக்கிறேன்' என்று கையால் தட்டிவிட்டு அன்றைய சண்டையை முடித்துக்கொள்ளலாம். நினைவு தப்பிவிட்டால் ரெஃப்ரி அங்கேயே நிறுத்திவிடுவார். பாக்ஸிங்கில் விழுந்தவனுக்குப் பத்து எண்ணுகிறோம். எட்டில் எழுந்துவிட்டால், மூளை கலங்கிய நிலையிலேயே மறுபடி அடிவாங்க அனுப்புகிறோம்.

இது என் சொந்தக் கணக்கு அல்ல. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள், எட்மன்டன் நகரில் போட்டி முடிந்ததும் வீரர்களைப் பரிசோதித்த பல ஆண்டுக் குறிப்புகளை அலசி 2015இல் வெளியிட்டார்கள். ஏதாவது ஒரு காயம்பட்டவர்கள் எம்.எம்.ஏ.வில் சுமார் 59 சதவீதம், பாக்ஸிங்கில் சுமார் 50. ஆனால் நினைவிழந்தவர்கள் எம்.எம்.ஏ.வில் 4.2 சதவீதம், பாக்ஸிங்கில் 7.1. அதாவது அங்கே வெட்டும் வீக்கமும் அதிகம், இங்கே மூளைக்கு அடி அதிகம். குத்து வாங்கி வாங்கி மூளை கெடுவதை அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928லேயே எழுதிவிட்டார். 1982இல் லாஸ் வேகாஸில் ரே மன்சினியோடு பதினாலாவது ரவுண்டு வரை நின்ற கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்த பிறகுதான் பதினைந்து ரவுண்டு பன்னிரண்டாகக் குறைந்தது.

எம்.எம்.ஏ.வில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கீழே கிடப்பவனின் முகத்தில் ரெஃப்ரி வந்து பிரிக்கும்வரை குத்து விழும். முட்டியும் தோள்பட்டையும் போய்விடும். எடையைக் குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் கொடுமை இரண்டிலும் உண்டு. தவிர, எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் பெரிய நிறுவனமான யு.எஃப்.சி. தொடங்கியதே 1993இல்தான்; அந்தத் தலைமுறைக்கு இனிமேல்தான் வயதாகப் போகிறது. 2022இல் நம் நேரு விளையாட்டரங்கத்தில் குத்தோடு உதையும் சேர்ந்த கிக் பாக்ஸிங்கின் தேசியப் போட்டியில் அடிபட்டு, அருணாசலப் பிரதேசத்து இளைஞர் ஒருவர் இறந்ததையும் மறக்க முடியாது. இரண்டிலும் ஆபத்து இருக்கிறது என்று எழுதியிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

என் அண்ணன் எழுபதுகளில் ராயபுரத்தில் பேர் எடுத்த பாக்ஸர். 1980இல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது, எம்.ஜி.ஆரும் வந்திருந்த அந்தக் கூட்டத்தில் என்னைத் தோளில் தூக்கிக் காட்டியவர். நாலு வருடத்தில் அலிக்கு பார்க்கின்சன் நோய் என்று செய்தி வந்தது. குத்துதான் காரணமா என்று மருத்துவர்கள் விவாதிக்கட்டும். என் அண்ணன் இன்று டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் உதட்டுக்குக் கொண்டுபோகிறார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "சோறு ஆச்சா?" என்று அண்ணியைக் கேட்கிறார். அவர் ஒரு தடவைகூட நாக் அவுட் ஆனதில்லை. அவருடைய வாத்தியாருக்கு அதில் அவ்வளவு பெருமை. விழாமல் நின்றதால்தான் அத்தனை குத்தையும் வாங்கினார் என்பது எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அதே கட்டுரையில் "சண்டை வட சென்னையின் ரத்தத்தில் ஊறியது" என்றும் இருக்கிறது. ஐயா, இது பாராட்டா? வருடக்கணக்காக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ யாராவது வெட்டுப்பட்டால் முதல் பக்கம். பிடிபட்டவன் என்றோ ஒருநாள் கிளவுஸ் மாட்டியிருந்தால் "பாக்ஸர் கைது" என்று கொட்டை எழுத்து. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்ற எங்கள் பழைய பாக்ஸிங் பரம்பரைகளின் பேர்கள் சினிமா வந்த பிறகுதான் உங்கள் நிருபர்களுக்கு நினைவு வந்தன. எங்கள் பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் ஜெயித்தால் இரண்டு வரி போட இடமில்லை. இதைக் கேட்டு முன்பும் எழுதினேன், பதில் இல்லை.

கொஞ்ச நாள் முன்னால் இங்கே நடந்த ஒரு போட்டியில், காலையில் தாடையில் குத்து வாங்கிய பையனை சாயங்காலம் மறுபடி ஏற்றினார்கள். ரிங் பக்கத்தில் டாக்டர் இல்லை. இறங்கியதும் படிக்கட்டிலேயே வாந்தி எடுத்தான். அவன் அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்க, அமைப்பாளர் ஒருவர் குளுக்கோஸ் பாக்கெட்டை நீட்டினார். நாங்கள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடுத்த நாள் உங்கள் பத்திரிகையில் வந்தது பரிசு கொடுத்த பிரமுகரின் படம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வரி தவறு என்று அதே ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள்; அந்த அம்மாவுக்கு நான் எடுத்துக் காட்ட வேண்டும். அப்புறம், பாக்ஸிங்கோ எம்.எம்.ஏ.வோ, எந்தப் போட்டிக்கு உங்கள் நிருபர் போனாலும் ரிங் பக்கத்தில் டாக்டரும் ஆம்புலன்ஸும் இருந்தனவா என்று பார்த்து ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கல்மண்டபம், ராயபுரம்