அந்த 14 மாதத்தோடு நின்றுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பெண் நீதிபதிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். லீலா சேத்துக்கு ஒரே வரி: இந்தியாவில் ஒரு மாநில உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி. சரிதான். ஆனால் 1991 ஆகஸ்டில் இமாச்சலப் பிரதேசத்தில் பொறுப்பேற்றவர், 62 வயது நிறைந்து 1992 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டார். மொத்தமே 14 மாதம். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1958-இல் பாரிஸ்டர் ஆவதற்கான லண்டன் பார் தேர்வில் முதலிடம் பிடித்த முதல் பெண் அவர், அதுவும் கைக்குழந்தையோடு. கல்கத்தா திரும்பி, சச்சின் சௌத்ரி என்ற பெரிய பாரிஸ்டரிடம் ஜூனியராகச் சேரப் போனார். "போய்க் கல்யாணம் செய்துகொள்" என்றாராம் அவர். ஆகிவிட்டது. "அப்போ ஒரு பிள்ளை பெற்றுக்கொள்." இருக்கிறது. "ஒற்றைப் பிள்ளையாக விடலாமா?" இரண்டு இருக்கின்றன சார்! சேர்த்துக்கொண்டார். தொண்ணூறுகளில் மதுரையில் சீனியர் தேடி அலைந்த எனக்கு முதல் கேள்வியிலேயே வாயடைத்துப் போனது.

அப்புறம் பாட்னாவில் பத்தாண்டு வக்கீல் தொழில், 1978-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அமைந்த வர்மா குழுவில், 82 வயதில் உறுப்பினராக இருந்து 29 நாளில் அறிக்கை தந்ததைப் பலரும் எழுதிவிட்டார்கள். சிவில் வக்கீலான நான் சொல்ல வந்தது வேறு. ஓய்வுக்குப் பின், மத்திய அரசுக்குச் சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்கும் 15-வது சட்ட ஆணையத்தில் அவர் உறுப்பினர். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு வேண்டும் என்று 2000-இல் அந்த ஆணையம் சொன்னது. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படியே திருத்தப்பட்டது. அவர் ஒருவரால் வந்ததென்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் 1989-லேயே இந்த உரிமை வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது. அந்தத் தடையை உடைத்தது 2005 திருத்தம்தான்.

போன மாதம்கூட ஒரு அம்மா வந்தார். 1984-இல் கல்யாணம் ஆனவர். "உனக்குச் சட்டத்திலேயே இடமில்லை" என்று அண்ணன்மார் சொல்லிச் சொல்லி, இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். பத்திர நகல்களை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பாகப்பிரிவினை வழக்குக்குப் பிராது தயாராகிக்கொண்டிருக்கிறது.

வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை.