கிளாக்கோமா: பழைய ஆபரேஷனை ஒதுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிளாக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். அதற்கு ஸ்டென்ட் என்ற குட்டி வடிகுழாய் வைக்கும் நுண்துளை அறுவை சிகிச்சை பற்றியும், அதன்பின் சொட்டு மருந்தே அடியோடு நின்றுவிடும் என்றும் உங்கள் ஞாயிறு இதழில் கட்டுரை வந்த அன்றே என் தம்பி போன் செய்தான். "அக்கா, டாக்டர் சொன்ன ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுட்டேன். இந்தச் சின்ன ஸ்டென்ட்டையே வச்சுக்கறேன்" என்றான். எனக்குப் பகீரென்றது.

டாக்டர் சொன்ன அந்த ஆபரேஷன், ஸ்டென்ட் இரண்டுமே எனக்கு நடந்திருக்கின்றன. 2011இல் வலது கண்ணுக்கு டிராபெகுலெக்டமி என்ற அந்தப் பழைய ஆபரேஷன். வெள்ளை விழியில் புதிதாக ஒரு வழி திறந்து, உள்ளே தேங்கும் நீரை மேல்படலத்துக்கு அடியில் வடியவிடுவார்கள். லேசில் ஆறவில்லை. மூன்று வாரம் எல்லாமே புகைமூட்டம். ராத்திரியில் கண்மேல் பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொண்டுதான் படுப்பேன். இப்போதும் மேல் இமையைத் தூக்கினால் சிறு கொப்புளம் தெரியும். அந்தக் கண் சிவந்தால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும், கிருமி உள்ளே போய்விடும் என்ற பயம்.

2021இல் இடது கண்ணில் புரை எடுக்கும்போதே ஸ்டென்ட்டும் வைத்தார்கள். ஒரு மில்லிமீட்டர் அளவு டைட்டானியத் துண்டு. மறுநாளே சுவர்க் கடிகாரத்தின் முள் தெரிந்தது. மூன்று சொட்டு மருந்து ஒன்றாகக் குறைந்தது. சரி, குறைந்ததுதான், கட்டுரை சொன்னதுபோல் அடியோடு நிற்கவில்லை.

இப்போது கண் அழுத்தம் இடது கண்ணில் 16, வலதில் 11 (மி.மீ. பாதரச அளவில்). இந்த ஸ்டென்ட் கண்ணின் சொந்த வடிகாலில் அடைப்பைத் தாண்டி வழிவிடுகிறது. ஆனால் அந்த நீர் போய்ச் சேரும் ரத்தக்குழாய்களுக்கும் ஓர் அழுத்தம் உண்டு. அதற்குக் கீழே இறங்காது. நோயின் ஆரம்ப, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்குப் பொதுவாக 16 போதும். பார்வை நரம்பு பெரும்பாலும் போனவர்களுக்குப் போதாது. என் வலது கண்ணில் மிச்சமிருக்கும் பார்வை அந்தப் பழைய ஆபரேஷன் காப்பாற்றிக் கொடுத்தது.

தம்பியின் பார்வைப்புலச் சோதனைத் தாளைப் பார்த்தேன். நடுவில் கொஞ்சம் வெளுப்பு, சுற்றிலும் கருப்பு. கருத்த இடமெல்லாம் பார்வை போன இடம், அது எந்த ஆபரேஷனிலும் திரும்பாது. அவனுடைய மருத்துவர் 12க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்கிறார்.

நல்ல சிகிச்சையைப் பற்றித்தான் எழுதினீர்கள். அப்புறம், அது யாருக்கு, எந்த நிலையில் என்பதையும் எழுதியிருக்க வேண்டாமா? நான் சொன்னால் தம்பி கேட்பதில்லை, உங்கள் பத்திரிகையில் வந்தால் நம்புவான். தயவுசெய்து வரும் ஞாயிறே இதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி