மூன்று பைண்டும் வந்து சேர்ந்தன

ஹெல்சிங்கி,
7.12.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் பார்சலும் வந்து இருபது நாள் ஆகிவிட்டது. ஆகஸ்டில் நீங்கள் எழுதியதற்கே நான் இன்னும் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் போனில் பேசுவதெல்லாம் சாப்பிட்டீர்களா, மழை உண்டா, மாத்திரை போட்டாச்சா என்பதோடு முடிந்துவிடுகிறது, அதற்குள் அம்மா "காசு ஏறும், வை" என்கிறாள், வாட்ஸாப்பில் காசு கிடையாது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. அதனால் இன்று பிள்ளைகள் தூங்கியதும் உட்கார்ந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் பார்சல் கதை. கஸ்டம்ஸில் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது, என்ன விலை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி மெசேஜ் வந்தது. பைண்டு செய்த பழைய அம்புலிமாமாவுக்கு என்ன விலை போடுவது? 45 யூரோவுக்குள் அன்பளிப்பு என்றால் வரி இல்லை, அதனால் ஐந்து யூரோ என்று போட்டேன். போட்டபிறகு மனசுக்கு என்னவோ போல இருந்தது. கஸ்டம்ஸுக்கு இங்கே துல்லி என்று பெயர். துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று. தமிழ் ஐயாவுக்கு இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது! மலைக்கும் மாலைக்கும், பாடுக்கும் பாட்டுக்கும் நீங்கள் எங்களைப் போட்டு உருட்டியது எனக்கு இங்கே வந்துதான் பயன்பட்டது. என்னோடு மொழி வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் குறிலையும் நெடிலையும் குழப்பித் திண்டாட, நான் மட்டும் தப்பித்தேன்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். பூச்சி வராமல் இருக்கப் பக்கத்துக்குப் பக்கம் வேப்பிலை வைத்திருக்கிறாளே, செடி கொடி இலையெல்லாம் தபாலில் அனுப்பக் கூடாதாம். நல்லவேளை, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. காய்ந்து சருகாகிவிட்டது, ஆனாலும் முதல் பைண்டைத் திறந்ததும் வந்த அந்த வாசனை! பெரியவன் முகர்ந்துவிட்டு "மருந்து" என்றான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மாதான் போனேன்.

இப்போது குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் ஒன்பது மணிக்கு விடிகிறது, மத்தியானம் மூன்றே காலுக்கு விளக்கு வைத்தாக வேண்டும். நேற்று இவர்களுக்குச் சுதந்திர தினம், வீட்டுக்கு வீடு சன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் கார்த்திகைக்கு வைத்த விளக்கை எடுக்காமலே இருந்தேன், அதிலேயே இரண்டைச் சன்னல் பக்கம் தள்ளி வைத்தேன், கணக்குச் சரியாகிவிட்டது. தோசை மாவுதான் பொங்க மாட்டேன் என்கிறது. ஓவனில் லைட்டைப் போட்டு உள்ளே வைத்தாலும் ஒன்றரை நாள் ஆகிறது. பெரியவனுக்கு ஸ்கூலில் மத்தியானச் சாப்பாடு இலவசம், 1948-லிருந்தே எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்களாம். நம் காமராஜரைப் பற்றி இவனுடைய டீச்சரிடம் அரைகுறை மொழியில் சொன்னேன், அவருக்கு ரொம்ப சந்தோஷம். வியாழக்கிழமை பட்டாணிக் கஞ்சி. அவன் அதை விரும்பிச் சாப்பிடுகிறான், நான் பருப்பு வைத்தால் மூக்கைச் சுளிக்கிறான்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். தினமும் ராத்திரி ஏழரைக்குச் சாப்பாடு முடிந்து, எட்டு எட்டேகாலுக்கு நாலு பேரும் சோபாவில் ஒரே போர்வைக்குள். மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு லாம்பு. இவருக்குச் செப்டம்பரிலிருந்து ஆபீசுக்குப் போகிற அலைச்சல் இல்லை, வீட்டோடுதான் இருக்கிறார், அதனால்தான் இப்படித் தினமும் முடிகிறது. நான்தான் படிப்பேன். இவர் ஸ்கூலில் மார்க்குக்காகச் சமஸ்கிருதம் எடுத்தவர் என்பது உங்களுக்குத் தெரியும், தமிழை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் ராஜாவுக்கு வயசாகிவிடும். அதனால் அவருக்குச் சத்தம் போடுகிற வேலை. குதிரை, இடி, நரி, பிசாசு, வேதாளம் எல்லாம் அவர் பொறுப்பு. சின்னது அவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு வேதாளம் இறங்காமல் பார்த்துக்கொள்ளும்.

இந்த நரியால் ஒரு வம்பு வந்தது. மேல்வீட்டுக் கிழவி, அதான் பனி இல்லாத நாளிலும் இரண்டு கையிலும் பனிச்சறுக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு நடப்பாரே, போன வருஷம் போட்டோவில் காட்டினேனே, அவர் ஒருநாள் கதவில் சீட்டு ஒட்டிவிட்டார். "தினமும் இரவு எட்டரைக்கு உங்கள் வீட்டில் ஒரு விலங்கு அழுகிறது. அதைக் கவனிக்கவும்." நான் பயந்து போய், பைண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, இவரையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன். இவர் அந்த வாசலிலேயே நின்று ஊளையிட்டுக் காட்டினார். அந்தம்மா சிரிக்கவில்லை. "பத்து மணிக்கு மேல் கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

நாலு நாள் கழித்து வாசலில் ஒரு அட்டைப்பெட்டி, பெல்லும் அடிக்கவில்லை. உள்ளே பழைய குழந்தைப் புத்தகங்கள், எல்லாம் மூமின் கதைகள். இங்கே கப், தலையணை உறை, பிஸ்கட் டப்பா எல்லாவற்றிலும் இருக்குமே, நீர்யானைக் குட்டி மாதிரி வெள்ளையாக, அதுதான். ஆனால் திறந்து பார்த்தால் ஒரு வரிகூடப் புரியவில்லை. அந்தம்மா ஸ்வீடிஷ் பேசுகிறவர், புத்தகமும் ஸ்வீடிஷ். நாடே கொண்டாடுகிற இந்தக் கதையை எழுதிய தூவே யான்சனும் ஸ்வீடிஷில்தான் எழுதினார், முதல் புத்தகம் 1945-ல் வந்தது. சிறுபான்மைப் பாஷையில் எழுதியதை இன்று எல்லாரும் தங்கள் வீட்டுக் கதை என்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தம்மாவே வந்தார். ஷூவைக் கழற்றினார், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார், பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து முக்கால் மணி நேரம் சத்தமாகப் படித்தார். எங்கள் யாருக்கும் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. பிள்ளைகள் அசையவே இல்லை. படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, "ஆயிற்று" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, நான் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது வாராவாரம் வருகிறார். அவருக்கும் இங்கே யாருமில்லை போலிருக்கிறது.

பெரியவன் லைப்ரரியில் நாய்க்குப் புத்தகம் படித்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? நிஜம். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளுக்காகவே பழக்கிய நாயைக் கூட்டி வருகிறார்கள், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் சத்தமாக வாசிக்கும், நாய் தப்புச் சொல்லாது. "தாத்தா தப்புச் சொல்வாரா?" என்று கேட்டான். "சொல்வார், குட்டும் வைப்பார்" என்றேன். புத்தகம் ஒன்றும் நாங்கள் வாங்குவதே இல்லை, வாங்கவும் தேவையில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு வரலாம், 28 நாள் வைத்துக்கொள்ளலாம். நகரத்து நடுவில், பார்லிமெண்டுக்கு எதிரே, 2018-ல் திறந்த ஊடி என்கிற பெரிய லைப்ரரியில் தையல் மெஷின்கூட உண்டு. பெரியவனுடைய போன வருஷத்து ஜாக்கெட்டுக்கு அங்கே உட்கார்ந்து கை நீளம் கூட்டினேன். புதுசு போலவே இருக்கிறது.

ஆனால் தமிழ்ப் புத்தகத்துக்கு நீங்கள் அனுப்பிய மூன்றுதான். அதில் ஒரு ராஜா புழுக்கம் தாங்காமல் ராத்திரி மாடிக்குப் போகிறார். "புழுக்கம்னா என்ன?" என்றான். எப்படிச் சொல்வது, சொல்லுங்கள். சூடா? இல்லை. வெயிலா? ராத்திரிதானே. காற்றில்லாமல், உடம்பெல்லாம் கசகசவென்று... அவனுக்குக் கசகசவும் தெரியவில்லை. இந்தக் கட்டடத்தின் அடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சவுனா இருக்கிறது, சனிக்கிழமை ஆறு மணி எங்கள் முறை. உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்து, கொதிக்கிற கல்லின் மேல் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றினேன், ஆவி கிளம்பி வந்து காதை அடைத்தது. "இதுதாண்டா புழுக்கம், இதில் முக்கால்வாசி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ தாத்தா வீட்டில் சித்திரை முழுக்க சவுனாவா? காசு கொடுக்காமலா?" என்று கேட்டான்.

அப்பா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இரண்டாவது பைண்டின் ஓரத்திலெல்லாம் பென்சிலில் குறித்திருக்கிறீர்களே, அனுப்பும்போது பார்த்தீர்களா? "12.8.91 தூங்கியாச்சு." "கரண்ட் போச்சு." "காய்ச்சல் 101, கதை வேண்டாம் என்றாள்." நான் விழித்திருந்து முழுக் கதையும் கேட்டேன் என்றல்லவா இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாதிக் கதை எனக்குத் தெரியாது, இப்போதுதான் முதல்தடவை படிக்கிறேன். ஓர் இடத்தில், "தொண்டை சரியில்லை. இன்று அவளே படித்தாள்" என்று இருந்தது. அதோடு எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது, மேலே ஓடவில்லை. இவர் புத்தகத்தை வாங்கிக் கூட்டிக் கூட்டிப் படித்தார், பெரியவன் திருத்திக்கொண்டே வந்தான். எல்லாரும் தூங்கியபிறகு நானும் பென்சிலை எடுத்து அதற்குக் கீழே 23.11.25 என்று போட்டேன். பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன்.

கோடையில் வருவதாகச் சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் தள்ளிப் போகும். பெரியவனுக்கு ஸ்கூல் பழகட்டும் என்று பார்க்கிறோம், வேறொன்றும் இல்லை. எங்களுக்கு எட்டு மணி என்றால் உங்களுக்குப் பதினொன்றரை, நீங்கள் விழித்திருந்து போனில் படிக்க வேண்டாம். பகலில் ஒரு கதையைப் பதிவு செய்து அனுப்புங்கள், பக்கத்துவீட்டுப் பையனிடம் கொடுத்தால் செய்து தருவான். மின்விசிறிச் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை.

அப்புறம் வீட்டு விஷயம். அம்மாவுக்கு வலது கண்ணையும் தை பிறந்ததும் செய்துவிடுங்கள், குளிர் விடட்டும் என்று தள்ள வேண்டாம், அம்பாசமுத்திரத்தில் என்ன குளிர்? சொட்டு மருந்தை மதினி போடட்டும், நீங்கள் போட்டால் கண்ணைத் தவிர எல்லா இடத்திலும் விழும். ஆற்றங்கரை வயல் பற்றி அண்ணன் எழுதியிருந்தான். கொடுப்பது என்று நீங்கள் முடிவு செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அட்வான்ஸ் வாங்க வேண்டாம், அப்புறம் கீழவீட்டில் பத்து வருஷத்துக்குப் பேச்சு இருக்காது. கையெழுத்து வேண்டுமென்றால் எம்பசியில் பவர் எழுதி அனுப்புகிறேன், பத்திரத்தின் நகலை மட்டும் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், போன தடவை அனுப்பியதில் அண்ணனுடைய கட்டைவிரல்தான் தெரிந்தது. ஆச்சி திதிக்கு என் பங்கை இந்த மாதம் அனுப்ப முடியவில்லை, பேங்கில் ஏதோ அப்டேட், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

மூன்றாவது பைண்டில் நடுவே எட்டுப் பக்கம் கிழிந்திருக்கிறது. அண்ணன் பட்டம் செய்தது அதில்தானே? மந்திரவாதி குகையோடு நிற்கிறது, பெரியவன் தினமும் கேட்கிறான். உங்களுக்கு ஞாபகம் இருந்தால் அந்தக் கதை எப்படி முடிந்தது என்று எழுதுங்கள். நீங்களும் அம்புலிமாமாவும் ஒரே வருஷம்தானே, 1947, உங்களுக்குத் தெரியாததா.

எல்லாருக்கும் என் அன்பு. கீழவீட்டுப் பெரியம்மையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்

பி.கு.: என் கல்யாண வளையல் நாலும் அம்மாவின் பீரோவில்தானே இருக்கிறது? எத்தனை பவுன் என்று மறந்துவிட்டது, சும்மா தெரிந்துகொள்ளத்தான். அண்ணன் காதில் போடாமல், அம்மாவிடம் மட்டும் கேட்டு எழுதுங்கள்.