ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சாவி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. நலம் விசாரித்து உடனே நாலு வரி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ கேட்டிருந்த விஷயம் நாலு வரியில் அடங்காது. தங்கச்சிக்கு முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தவிர்க்கச் சொல். இங்கே கலிஃபோர்னியாவில் நாங்கள் சௌக்கியம். சின்னவள் கல்லூரிக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மட்டும் இல்லையென்றால் எனக்கு வாரமே நகராது.

சரி, பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். மேலாண்மைக் குழுவில் உன்னைக் கல்வியாளராகச் சேர்த்துக் கொஞ்ச நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி ஒரு வழக்கு. மகள் கல்யாணத்துக்கு லீவு நாளில் பள்ளிக்கூடத்தைக் கேட்கிறார் பெரியவர். ஹெச்.எம். டீச்சர் முடியாது என்கிறார். "எங்க தாத்தா கொடுத்த இடம். ஊர்ப் பள்ளிக்கூடம் ஊருக்கு இல்லாம யாருக்கு?" என்று பெரியவர் கேட்டபோது கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய்.

அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான் என்று நான் நினைக்கிறேன். பதில் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் வருத்தம். ஊர்ப் பணத்தில் கட்டிய கட்டடம் சாயங்காலம் நாலு மணிக்குப் பூட்டினால் மறுநாள் காலைவரை சும்மா கிடக்கிறது. சனி, ஞாயிறு, கோடை விடுமுறை எல்லாம் சேர்த்தால் வருஷத்தில் பாதிக்கு மேல் பூட்டிய கதவுதான். ஊர் அதைக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஊர் என்று யாரைச் சொல்கிறோம்? கேட்கத் தைரியம் உள்ளவரை மட்டுமா?

நாம் ஐந்தாம் வகுப்பு படித்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வாரம் முழுக்க நீயும் நானும் வண்ணச் சுண்ணாம்புக்கட்டியில் கரும்பலகை நிறைய காவிரிப் படுகையை வரைந்தோம். குடகிலிருந்து பூம்புகார்வரை நீல ஆறு, கிளை கிளையாகப் பிரிகிற இடத்தில் உன் கையெழுத்தில் ஊர்ப் பெயர்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் படம் இல்லை. அதே பலகையில் பெரிய எழுத்தில் "மணமகன் வீட்டார் அறை" என்று எழுதியிருந்தது. பெஞ்சுகள் வெளியே வேப்பமரத்தடியில் அடுக்கிக் கிடந்தன. அறை முழுக்க ரச வாடை. வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார். உனக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அதைவிட மனத்தில் தங்கிவிட்டது வேறொன்று. கூட்டிப் பெருக்குகிற அம்மா அன்று விடியற்காலையிலிருந்து எச்சில் இலை அள்ளிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் கொட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். அதற்கென்று யாரும் அவருக்குக் கூலி கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. மிச்சமான சாதத்தைத் தூக்கில் போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள்.

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் தமிழ்ப் பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. கலிஃபோர்னியாவில் பல வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிகள் போலவே நாங்களும் ஓர் அரசுப் பள்ளியில்தான் நடத்துகிறோம். முதல் வருஷம் பெர்மிட் வாங்கப் போனபோது, ஏதோ தயவில் இடம் தரப்போகிறார்கள் என்று நினைத்துத் தயங்கித் தயங்கிப் பேசினேன். பள்ளிகளை நிர்வகிக்கிற டிஸ்டிரிக்ட் ஆபீஸில் இருந்த அம்மாள் ஒரு விதித்தாளை எடுத்து நீட்டினார். அப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். சிவிக் சென்டர் ஆக்ட் என்று பெயர், முதலில் வந்தது 1913-ல். பள்ளிக்கூடத்தைப் பிறருக்குத் தரலாம் என்று அது ஆரம்பிக்கவில்லை. இந்த மாநிலத்தின் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மக்களுக்கான பொதுமன்றம் ஒன்று இருக்கிறது என்றுதான் ஆரம்பிக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம், சாரணர், விவசாயிகள் சங்கம், முன்னாள் படைவீரர், முதியோர் அமைப்புகள் என்று பெயர் சொல்லி அடுக்குகிறது. படித்தபோது மனசு நிமிர்ந்தது. நான் தயவு கேட்டுப் போகவில்லை, அங்கே எனக்கும் இடம் உண்டு.

அந்த எண்ணம் அதற்கும் முன்னால் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரத்தில் முளைத்தது. 1907-ல் அங்கே ராத்திரியில் பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டு, பெரியவர்கள் கூடி ஊர் விவகாரம் பேச வழி செய்தார்கள். பேச்சு சுதந்திரமாக நடந்ததில் நகர அரசியல்வாதிகளுக்கு உறுத்தல். சில வருஷங்களில் பணத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் யோசனை மற்ற மாநிலங்களுக்குப் பரவிவிட்டது.

உரிமை இருக்கிறது என்பதற்காக நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. எங்கள் பெர்மிட்டில் எந்த அறைகள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்தக் கழிப்பறை என்பதுவரை எழுதியிருக்கும். பள்ளியின் சொந்த நிகழ்ச்சி எதுவாக இருந்தாலும் அதற்குத்தான் முதலிடம். நாங்கள் தேதி மாற்றிக்கொள்ள வேண்டும். பத்து லட்சம் டாலர் இன்சூரன்ஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். கட்டடத்தின் பழுதால் யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு பள்ளி நிர்வாகத்தினுடையது, எங்கள் கவனக்குறைவால் அடிபட்டால் எங்களுடையது என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. முக்கியமாக, சாவி எங்கள் கைக்கு வருவதே இல்லை. கஸ்டோடியன் என்று ஒருவர் வந்து திறப்பார், நாங்கள் போன பிறகு அவரே பூட்டுவார்.

கட்டண விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எங்களைப் போன்ற லாபநோக்கமில்லாத அமைப்புகளிடம் உண்மையில் ஆகிற செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. மின்சாரம், துப்புரவு, கஸ்டோடியனின் விடுமுறை நாள் சம்பளம், அவ்வளவுதான். டிக்கெட் போட்டுக் கச்சேரி நடத்தி, அந்தப் பணம் பிள்ளைகள் நலனுக்கோ தர்மத்துக்கோ போகவில்லையென்றால் சந்தை வாடகையை வாங்கியே தீர வேண்டும். எங்கள் பில்லில் பெரிய தொகை எப்போதும் கஸ்டோடியனின் சம்பளம்தான். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் நம் பள்ளிக்கூடத்து அம்மாதான் நினைவுக்கு வருவார்.

இரண்டாவது வருஷம் ஒரு தப்பு நடந்தது. எங்களுக்குக் கொடுத்தது இரண்டாம் வகுப்பு அறை. ஜன்னலோரம் பிளாஸ்டிக் கப்புகளில் பீன்ஸ் செடி வளர்த்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிப் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். எங்கள் பையன் ஒருவன் பையை வீசியதில் ஒரு கப் கவிழ்ந்தது. மண்ணை அள்ளிப் போட்டு நிமிர்த்தி வைத்தோம், ஆனால் தண்டு ஒடிந்துவிட்டது. நான் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை அந்த டீச்சர் முதல்வருக்கு எழுதிவிட்டார். நேரில் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. அந்தக் குழந்தையின் நோட்டைத் திறந்து காட்டினார். தினமும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை நாலு அங்குலம். அதற்குக் கீழே கோடு காலி. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எனக்கு நம் காவிரிதான் தெரிந்தது.

அன்றிலிருந்து நாங்களே கூடுதலாகச் சில விதிகள் வைத்துக்கொண்டோம். நுழைந்ததும் அறையை நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடுப்போம், கிளம்பும்போது அதைப் பார்த்துச் சரிபார்ப்போம். மேஜைக்குள் கை விடக் கூடாது. பலகையில் இருக்கிற எதையும் அழிக்கக் கூடாது. எங்களுக்கு எழுத மடக்குப் பலகை ஒன்றை நாங்களே கொண்டுபோகிறோம்.

பொங்கல் விழாவுக்கு கேஃபடீரியாவைக் கேட்டால் தருவார்கள், ஆனால் உள்ளே நெருப்பு கூடாது. கற்பூரம் கூடாது, குத்துவிளக்கும் கூடாது. பாட்டிமார் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு வீட்டிலேயே பொங்கி எடுத்து வந்து, குத்துவிளக்கில் பேட்டரி விளக்கு வைத்தோம். கும்பகோணத்தில் 2004-ல் 94 பிள்ளைகளைத் தீ கொண்டுபோனதைக் கேட்ட தலைமுறை நாம். பள்ளிக்கூடத்துக்குள் நெருப்பு கூடாது என்று ஒருவர் சொன்னால் அதில் எனக்கு மறுபேச்சு கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்கள் கூட்டத்தில் இதுதான் கைகொடுக்கும். 1946-ல் தீர்ப்பான வழக்கு ஒன்று: சான் டியேகோவில் ஒரு குடிமை உரிமைச் சங்கம் கூட்டம் போடப் பள்ளி அரங்கத்தைக் கேட்டது. நாங்கள் அரசைக் கவிழ்க்க நினைப்பவர்கள் அல்ல என்று உறுதிமொழி கொடுத்தால்தான் தருவோம் என்றது நிர்வாகம். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பள்ளிக் கதவைப் பொதுக்கூட்டத்துக்குத் திறக்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை, ஆனால் திறந்துவிட்டால் கருத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்க முடியாது என்றது. 1993-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. லாங் ஐலண்டில் பிள்ளை வளர்ப்பு பற்றி ஒரு தேவாலயம் காட்ட நினைத்த படத்துக்கு, அது மதப் பார்வையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பள்ளி இடம் மறுத்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அது தவறு என்றார்கள். எனக்கு இதில் புரிந்தது இவ்வளவுதான்: கதவை எதற்குத் திறப்பது என்று முதலிலேயே முடிவு செய், முடிவு செய்தபின் வாசலில் நிற்பது யார் என்று பார்க்காதே.

இதை நம் ஊரில் வைத்துப் பார். பெரியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்று சரி என்று சொன்னால், நாளை காலனித் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்று கேட்டாலும் அதே சரி வருமா? வராது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்கள் கேட்கவே மாட்டார்கள் என்பதுதான் இன்னும் கொடுமை. அதனால் கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் யாருக்குமே கிடையாது என்று வைத்துவிடு. பெரியவரிடம் நீயே தனியாகப் போய்ப் பேசு. அவர் தாத்தா இடம் கொடுத்தது பிள்ளைகள் படிக்கத்தான். அந்தத் தாத்தாவின் பெயரைப் பள்ளி வாசலில் கல்லில் பொறிக்கக் குழுவில் தீர்மானம் போடு. அந்த மரியாதை அவருக்குச் சேர வேண்டியதுதான்.

குழுவுக்கு ஒரு விதித்தாள் எழுது. எதற்குத் திறக்கலாம் என்பதை அதில் மனசாரத் தாராளமாகச் சொல். சாயங்காலம் படிக்க வீட்டில் விளக்கும் இடமும் இல்லாத பிள்ளைகளுக்கு, மருத்துவ முகாமுக்கு, மகளிர் குழுக் கூட்டத்துக்கு, இளைஞர்கள் போட்டித் தேர்வுக்குத் தயார் செய்ய. காலனிப் பையன்கள் விளையாட மைதானத்தைக் கேட்டால் அதற்கும். புயல் வந்தால் இந்தத் தாளே வேண்டாம். கஜா அடித்த 2018 நவம்பரில் நம் பக்கத்தில் எத்தனை குடும்பங்கள் பள்ளிக்கூடங்களில் படுத்திருந்தார்கள் என்று நீதானே எழுதினாய். இங்கேயும் பேரிடர் முகாமுக்குக் கேட்டால் பள்ளி கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நம் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் ஆசிரியர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவை தவிர வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. அது ஆட்களைப் பற்றிய விதிதான், கட்டடத்தைப் பற்றி அல்ல. ஆனாலும் எதற்கு விட்டுக்கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று யோசிக்க அது நல்ல அளவுகோல்.

குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பதும் அதே சட்டம் கொடுத்த பலம். பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதினாயே, கூட்டத்துக்கு முன்னால் அந்தத் தாய்மார்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசு. தீர்மானம் போட்டதும் வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து எழுத்தில் ஒப்புதல் வாங்கு. இல்லாவிட்டால் பழி முழுக்க ஹெச்.எம். டீச்சர் தலையில் விழும். அவர் வெளியூர்க்காரர், தனியாக நிற்கிறார். சாவி இனி யார் வீட்டு ஆணியிலும் தொங்க வேண்டாம். ஒரு நோட்டுப் போட்டு, யார் வாங்கினார், எத்தனை மணிக்குத் திருப்பித் தந்தார் என்று கையெழுத்து வாங்கச் சொல்.

நம் காலத்து அம்மாவின் மகள்தான் இப்போது அங்கே கூட்டிப் பெருக்குகிறார் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிடு, நாற்காலி போட்டு உட்காரவை. கூட்டம் கூடிக் கலைந்தபின் அறையைச் சுத்தம் செய்ய எத்தனை மணி நேரம் ஆகும், அதற்கு என்ன கூலி என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்கிற தொகையை அப்படியே தாளில் எழுது.

எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. தை பிறந்ததும் வருகிறேன். தங்கச்சிக்கு என் அன்பு.

உன்
பழைய பெஞ்சுக்காரன்