பினாங்கைச் சுற்றி வர வழி

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே பாலிக் புலாவ் பக்கம் டுரியான் பழம் விழ ஆரம்பித்துவிட்டது. அதனால் ஜூன் விடுமுறையில் குடும்பத்தோடு தீவைச் சுற்ற வருகிறேன் என்று நீ எழுதியது சரியான நேரம்.

நீ போட்டு அனுப்பிய வழியில் ஒன்றைத் தலைகீழாக மாற்று. முதல் பாலத்தில் வந்து, ஜார்ஜ்டவுனில் தொடங்கி, பத்து பெரிங்கி வழியாகப் போனால் கடல் எப்போதும் உனக்கு வலப்பக்கம், எதிர்த்தடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். பிள்ளைகள் ‘நிறுத்துங்கப்பா’ என்று கத்தும்போதெல்லாம் எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே போக வேண்டும். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாத சாலை அது. தெற்கே தொடங்கி, கடிகார முள் போகும் திசையில் சுற்றினால் கடல் உன் பக்கத்திலேயே வரும். ஓரம் கட்டி இறங்கினால் போதும்.

அதற்கு வசதியாக இரண்டாவது பாலத்தில் வா. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜாவியைத் தாண்டியதும் பத்து காவான், இரண்டாம் பாலம் என்று பலகை வரும். இடப்பக்கத் தடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள். தவறிவிட்டால் பதற்றப்பட்டு பிரேக் போடாதே, நேரே பிறை போய் முதல் பாலத்தில் ஏறு. இரண்டாவது பாலம் 2014-இல் திறந்தது, 24 கி.மீ. நீளம். நடுக்கடலில் பக்கக்காற்று அடிக்கும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடி. இறங்குமிடம் பத்து மாவுங், தீவின் தென்கிழக்கு மூலை. சுற்று தொடங்க அதைவிடச் சரியான இடம் இல்லை.

காரை ஃபெரியில் ஏற்றலாமா என்று கேட்டிருந்தாய். முடியாது. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் புதிய படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். பிள்ளைகளுக்குப் படகு ஆசை இருந்தால் மறுநாள் காரை டவுனில் விட்டுவிட்டு பட்டர்வொர்த் வரை சும்மா போய்த் திரும்புங்கள்.

கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 350 கி.மீ. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, தாப்பாவில் அரை மணி நேரம் நின்றாலும் ஒன்பது, ஒன்பதரைக்குப் பாலத்தில் இருப்பாய். அதற்கு முன் வந்தால் பயான் லெப்பாஸ் தொழிற்சாலை வண்டிகளோடு சிக்குவாய். டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் நூற்றைம்பது வெள்ளி (ரிங்கிட்) போட்டு வை. பாலத்தில் தீவுக்குள் நுழையும்போது மட்டும்தான் டோல், வெளியேறும்போது இல்லை.

முழுச் சுற்று ஏறத்தாழ 70 கி.மீ.தான். ‘இவ்வளவுதானா, இரண்டு மணி நேரத்தில் முடியும்’ என்று எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். அங்கேதான் திட்டம் கெடும். நடுவில் இரண்டு மலை ஏறி இறங்க வேண்டும், மேல்பகுதிகளில் மணிக்கு 40-க்கு மேல் ஓட்ட முடியாது. நிறுத்தங்களையும் சேர்த்து ஒரு முழுப் பகல் ஒதுக்கு. இன்னொன்று: சுற்று முழுவதும் கடல் தெரியாது. தெற்கிலும் வடக்கிலும்தான் கடல், மேற்கே தோப்பும் வயலும் மலையும்.

பத்து மாவுங்கிலிருந்து பெர்மாத்தாங் டாமார் லாவுட் வழியாக தெலுக் கும்பார் போ. விமானங்கள் தாழப் பறந்து இறங்குவதைப் பிள்ளைகள் பார்க்கலாம். அந்தக் கரைக்கு எதிரே 2023-இல் கடலைத் தூர்க்கத் தொடங்கினார்கள், புதிய தீவுக்காக. மீனவர்களின் கடல் அது. அந்தக் காட்சி மாறிக்கொண்டே இருப்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. இப்போதே காட்டிவிடு.

தெலுக் கும்பாரைத் தாண்டினால் புக்கிட் கெந்திங் ஏற்றம். இது முதல் மலை, சிறியது. இறங்கினால் பாலிக் புலாவ். மதியச் சாப்பாடு இங்கேதான், லக்சா என்னும் நூடுல்ஸ் குழம்பு. ஆனால் அசாம் லக்சாக் குழம்பு கெம்புங் மீனை வேகவைத்துச் செய்வது. தேங்காய்ப்பால் ஊற்றும் சியாம் லக்சாவிலும் மீன்தான். அம்மா சைவம் என்பதால் அவர்களுக்கு வீட்டிலிருந்தே புளிச்சாதம் கட்டிக்கொண்டு வரச் சொல், தங்கச்சியிடம்.

டுரியான் விஷயத்தில் அவசரப்படாதே. இங்கே பழத்தைப் பறிப்பதில்லை, பழுத்துத் தானே விழுந்ததைப் பொறுக்குவார்கள். இரவிலும் விடியலிலும் விழுந்தது அன்றைக்கே ருசி, மறுநாள் புளிக்க ஆரம்பிக்கும். காம்பைப் பார்: ஈரமாக, பச்சை வாடாமல் இருந்தால் புதிது. காய்ந்து சுருங்கியிருந்தால் பழசு. காதருகே வைத்து மெல்லக் குலுக்கினால் உள்ளே லேசாகச் சுளை தட்டும் சத்தம் வர வேண்டும். சலசலவென்று ஆடினால் அதிகம் கனிந்துவிட்டது. முள் வரிசையின் பிளவுக்கோட்டில் மூக்கை வைத்தால் மணம் அங்கேதான் கசியும். அங் ஹே என்ற வகையைக் கேட்டு வாங்கு, இறால் மாதிரி வளைந்த செம்மஞ்சள் சுளை. விலை தோலோடு சேர்த்து எடை போட்டு. உட்கார்ந்து தின்று முடித்துவிடு, காரில் ஏற்றாதே. ஹோட்டலில் உள்ளே விடமாட்டார்கள்.

அடுத்தது பெரிய மலை, பாலிக் புலாவிலிருந்து தெலுக் பஹாங் வரை, ஏறத்தாழ 20 கி.மீ. கிளம்பும் முன் பாலிக் புலாவிலேயே பெட்ரோல் ஊற்றிவிடு, மேலே நிலையம் இல்லை. தித்தி கெராவாங் அருவி சாலை ஓரத்திலேயே இருக்கிறது, வளைவில் இடம் குறுகல். இடம் இல்லையென்றால் விட்டுவிடு. மழை பெய்திருந்தால் ஈர இலையும் சேறும் சாலையில் கிடக்கும், வழுக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு முன் இந்த மலையைக் கடப்பதுதான் என் கணக்கு.

இறக்கத்தில்தான் கார்கள் கெடுகின்றன. காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் பேடு சூடேறிப் பிடிப்புப் போகும். பிரேக் எண்ணெய் பழையதாக, நீர் கலந்ததாக இருந்தால் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். கருகிய நாற்றம் வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் கால் மணி நேரம் ஆற விடு, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதே, டிஸ்க் கோணிவிடும். ஏற்றத்தில் எந்தக் கியரில் ஏறினாயோ அதில் இறங்கு. உன் ஆட்டோ கியர் காரில் ‘2’ அல்லது ‘L’, சிவிடி வகை கியர் என்றால் ‘S’ அல்லது ‘B’ (‘P’ அல்ல). எஞ்சின் உறுமும், பயப்படாதே. பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தி, வளைவில் விடு. பிள்ளைகளுக்குக் குமட்டல் என்றாயே, மாத்திரையை மலைக்கு அரை மணி முன்னால், பாலிக் புலாவிலேயே கொடு.

தெலுக் பஹாங் தேசியப் பூங்காவை இந்த நாளில் சேர்க்காதே. கெராச்சுட் கடற்கரைக்கு நடந்தே போய்வர மூன்று மணி நேரமாவது வேண்டும், ஆமைக் காப்பகத்துக்குத் தனி நாள் தகும். மசாலைத் தோட்டம் போதும். ஜாதிக்காய் மரம் இருக்கும். மஞ்சள் பழம் பிளந்து, உள்ளே பளபளக்கும் கரும்பழுப்பு விதையைச் சிவப்பு ஜாதிபத்திரி வலையாகப் பின்னியிருப்பதை அம்மாவுக்குக் காட்டு.

அப்புறம் பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா, கடல் இடப்பக்கம். டவுன் சேர்ந்ததும் தண்ணீர்மலை. மேலே முருகன் கோயிலுக்கு 513 படி, அம்மாவை ஏற வைக்காதே, அடிவாரத்துப் பிள்ளையார் கோயிலில் உட்காரட்டும். இரவுச் சாப்பாடு லிட்டில் இந்தியாவில்.

காரின் பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினாய் என்று மறக்காமல் எழுது. இரண்டு ஆண்டுக்கு மேலானால் வருவதற்கு முன்பே மாற்றிவிடு. எத்தனை பேர் வருகிறீர்கள் என்றும் சொல், அறைக்குச் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
சேகர்
ஆயர் ஈத்தாம், பினாங்கு