வீடு ஒரு மூலையில், பிழைப்பு ஒரு மூலையில்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

மின்சாரப் பேருந்துகளால் சென்னையில் புகை குறையும் என்று சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பியபோது எங்கள் வடசென்னைப் பக்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். புதிதாக எது வந்தாலும் முதலில் தென்சென்னைக்குத்தான் என்று பேசிப் பழகியவர்கள் நாங்கள். ஆனால், பஸ்ஸில் ஏற வேண்டியவர்களை எங்கே குடிவைக்கிறோம் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. புகைக் கணக்கில் பாதி அங்கேதான் இருக்கிறது.

எங்கள் தெருவில் இருந்த ஓர் அக்கா, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். துறைமுகத்துக்கு நடந்தே போய் வருவார். குடியிருந்த இடத்தைக் காலி செய்ய வைத்து, ஊரின் தென்கோடியில் அவருக்கு வீடு கொடுத்தார்கள். வீட்டைக் குறை சொல்ல முடியாது, தனிக் கழிப்பறை, மின்விசிறி எல்லாம் உண்டு. ஆனால் மீன் ஏலம் விடிவதற்கு முன்பே நடந்துவிடும், அந்த நேரத்தில் அங்கிருந்து பஸ் கிடையாது. பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லாப் பயணம் இருந்தும் அவருக்குப் பயனில்லை. கடைசியில் மகன் தவணையில் பைக் வாங்கினான். இரவு இரண்டு மணிக்கு அம்மா பின்னால் உட்கார, காலி அன்னக்கூடையை இருவருக்கும் நடுவில் செருகிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

போக வர 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு. வருடத்தில் 300 நாள் ஓடினால் 900 கிலோவைத் தாண்டுகிறது. நடந்துபோன ஒருவரை இடம் மாற்றியதால் வந்த புகை இது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே உள்ள குடியிருப்புகளுக்கு எத்தனை ஆயிரம் குடும்பங்கள் இப்படிப் போயிருக்கின்றன!

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு கட்டுவதுதான் நோக்கமாக இருந்தது. வடசென்னையில் நாங்கள் ஹவுசிங் போர்டு என்று சொல்லும் பழைய பிளாக்குகள் பல அப்படி வந்தவைதான். அந்த வழக்கத்தை விட்டிருக்கவே கூடாது.

மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. நல்ல விஷயம். அப்புறம் எங்கள் தெருவில் வாடகை ஏறியது, அட்வான்ஸும் ஏறியது. அந்த ரயிலில் தினம் போகக்கூடியவர்களே வாடகை கட்டுப்படியாகாமல் இன்னும் தள்ளி மணலிக்கும் மீஞ்சூருக்கும் நகர்ந்துவிட்டார்கள். இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய் ஒதுக்குகிறார்கள். கிலோமீட்டருக்கு 530 கோடிக்கும் மேல். மாதவரத்திலிருந்து புறப்படும் அந்தப் பாதைகளின் ஓரத்தில் கூலிக்காரருக்கு வாடகை கட்டுப்படியாகும் வீடு கட்ட அதோடு சேர்த்தே பணம் ஒதுக்கினால் என்ன? பெரிய கட்டடங்களுக்கு வழக்கமான அளவுக்கு மேல் தளப்பரப்பு கட்ட அனுமதி தரும்போது அரசு கட்டணம் வாங்குகிறது. நிலையங்களைச் சுற்றி வசூலாகும் அந்தப் பணத்தை அங்கேயே வீடுகளாக்கலாம்.

மின்சாரப் பேருந்துக்கும் மின்சாரம் நிலக்கரியில்தானே வருகிறது என்பார்கள். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் பக்கத்தில் வாழும் எங்களுக்கு அது நன்றாகவே தெரியும். அதனால்தான் பயணத் தூரமே குறைய வேண்டும் என்கிறேன்.

வீடு கட்ட வருடங்கள் ஆகும், சரி. அதுவரை தெற்குக் குடியிருப்புகளிலிருந்து காசிமேட்டுக்கு இரவு இரண்டு மணிக்கு ஒரு பஸ் விடுங்கள். கூடையோடு ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81